முதலில் மவுண்ட், அப்புறம் சம்ப் கார்டு: பழைய காரின் அடியில் செய்த வேலை

என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப் ஓட்டையாகி ஆயில் கொட்டினால் ஒரு விதத்தில் அது நல்லது. கண்ணுக்குத் தெரியும், வண்டியை ஓரங்கட்டி என்ஜினை நிறுத்திவிடலாம். கல்லில் அடிபட்ட சம்ப் ஓட்டையாகாமல் உள்பக்கமாக நசுங்கினால்தான் வம்பு. தகட்டு சம்பின் அடிக்கும் ஆயில் பம்ப் ஆயிலை உறிஞ்சும் வலைவாயான ஸ்ட்ரெய்னருக்கும் நடுவே பல பழைய என்ஜின்களில் ஒரு விரல் தடிமன் அளவுக்குத்தான் இடைவெளி இருக்கும். ஒரு கல் அந்தத் தகட்டை அவ்வளவு தூரம் மேலே தள்ளிவிட்டால் ஸ்ட்ரெய்னரின் வாய் அடைபட்டுவிடும். தரையில் ஒரு சொட்டு ஆயில்கூட இருக்காது. ஐடிலிங்கில் பிரஷர் ஒழுங்காகவே காட்டும். மேட்டில் என்ஜினை வேகமாகச் சுற்றவிடும்போதுதான் முள் மெல்லக் கீழே இறங்கும்.

என் காரில் நடந்தது அதுதான். 1960-களின் கடைசியில் வந்த செடான். நான்கு சிலிண்டர் என்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும், ஓட்டம் பின்சக்கரத்துக்கு, சம்ப் அச்சில் அழுத்திய இரும்புத் தகடு. சம்பைக் கழற்றி உள்ளே துடைத்துப் பார்த்தபோது, மேலே எழும்பியிருந்த சொட்டையின் உச்சியில் ஸ்ட்ரெய்னரின் விளிம்பு அரைவட்டமாகப் பதிந்து, அந்த இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. கனெக்டிங் ராடு பேரிங்குகளில் கோடு விழ ஆரம்பித்திருந்தது. கிராங்க் தப்பித்தது.

சரி, சம்பைக் கல்லிலிருந்து காக்கும் அடித்தகடு, அதாவது ஒரு சம்ப் கார்டு போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, சம்பின் அடி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்தேன். அதோடு சம்புக்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் எடுத்தேன். இடது பக்கம் ஒரு அளவு, வலது பக்கம் வேறு அளவு. என்ஜினே ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. என்ஜினைத் தாங்கும் இரண்டு ரப்பர் மவுண்டுகளில் எக்ஸாஸ்ட் பக்கத்து மவுண்ட் சூட்டில் வெந்து, ரப்பரில் குறுக்கே வெடிப்பு ஓடியிருந்தது. எதிர்ப்பக்கத்து மவுண்ட், டேப்பெட் கவரிலிருந்து வருடக்கணக்கில் வழிந்த ஆயிலைக் குடித்து, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு இளகிக் கிடந்தது. இரண்டுமே தாழ்ந்திருந்ததால் சம்பும் அது இருக்க வேண்டிய உயரத்தைவிடக் கீழே தொங்கியது.

சம்ப் கார்டு போட்டால் தரை உயரம் குறையும். தகட்டின் தடிமன், அதற்கும் சம்புக்கும் விட வேண்டிய இடைவெளி, போல்ட்டுத் தலை எல்லாம் சேர்ந்து 30 மில்லிமீட்டர் சுலபமாகப் போய்விடும். அமுங்கிய மவுண்டை மாற்றினால் அதில் ஒரு பங்கு இலவசமாகத் திரும்பக் கிடைக்கும். இது ஒரு காரணம். இதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று: கார்டு பாடியில் அசையாமல் நிற்கிறது, என்ஜின் ரப்பர் மேல் ஆடுகிறது. அது எவ்வளவு ஆடுகிறது என்று தெரியாமல் கார்டை எங்கே வைப்பது? ஆடுகிற என்ஜினுக்கு அடியில் நெருக்கமாகக் கார்டு போட்டால், கல்லில் படாத சம்ப் கார்டிலேயே போய் இடிக்கும். அதனால் இந்த இரண்டையும் ஒரே வேலையாகத்தான் பார்க்க வேண்டும். வரிசையும் மாறக் கூடாது.

மவுண்டில் எவ்வளவு விசை வருகிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். என்ஜின் 100 நியூட்டன் மீட்டர் டார்க் கொடுக்கிறது, முதல் கியர் விகிதம் 3.6 என்று வைத்துக்கொள்வோம். கியர்பாக்ஸிலிருந்து வெளியே வருவது 360 நியூட்டன் மீட்டர். பின்சக்கரத்துக்கு ஓட்டத்தைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டை ஒரு திசையில் எவ்வளவு முறுக்குகிறதோ, அதே அளவு என்ஜினும் கியர்பாக்ஸும் எதிர்த்திசையில் முறுக்கப்படும். இரண்டு மவுண்டுக்கும் நடுவே அரை மீட்டர் தூரம் என்றால் ஒவ்வொன்றிலும் 720 நியூட்டன், அதாவது சுமார் 73 கிலோ எடை. ஒரு பக்கத்தில் இது கீழே அழுத்தும், மறுபக்கத்தில் மேலே தூக்கும். இந்த அளவு என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து சும்மா நிற்கும்போது முன் மவுண்ட் ஒவ்வொன்றின் மேலும் விழும் எடையே ஏறக்குறைய 60 கிலோதான். ஆக, முதல் கியரில் முழுசாக இழுக்கும்போது ஒரு பக்கத்து ரப்பர் அமுக்கத்திலிருந்து விடுபட்டு, இழுவைக்கே போய்விடுகிறது. கிளட்சைச் சட்டென்று விட்டால் இன்னும் கூடுதல். பெரும்பாலான கார்களில் முன்னால் ஓடும்போது எழும்புவது இடது பக்கம், ரிவர்ஸில் வலது பக்கம். ரப்பருக்கு அமுக்கம் பிடிக்கும், இழுவை பிடிக்காது. இரும்புத் தகட்டோடு ரப்பர் ஒட்டியிருக்கும் இடத்தில்தான் முதலில் பிரியும்.

பிரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு மிகப் பெரிய உதாரணம் 1971 டிசம்பரில் அமெரிக்காவில் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 லட்சம் செவ்ரோலே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மவுண்ட் ரப்பர் பிரிந்தால் என்ஜின் இழுவையில் எழும்பி, ஆக்சிலரேட்டர் இணைப்பை அதுவே இழுத்துத் திறந்துவிடும். திறந்தால் டார்க் கூடும், டார்க் கூடினால் என்ஜின் இன்னும் எழும்பும். அதற்கு அவர்கள் தந்த தீர்வு புது மவுண்ட் அல்ல. என்ஜின் ஒரு அளவுக்கு மேல் எழும்பாமல் பிடித்துக்கொள்ள ஒரு கம்பிக் கேபிள், அவ்வளவுதான். பழைய கார் வைத்திருக்கும் எவரும் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் அந்தக் காலத்து மவுண்டுகள் பலவற்றில் ரப்பர் பிரிந்தால் என்ஜினைப் பிடிக்க வேறு எதுவும் கிடையாது.

இவ்வளவு தொல்லை என்றால் ரப்பரே எதற்கு, இரும்போடு இரும்பாக முடுக்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆரம்ப காலக் கார்கள் பலவற்றில் அப்படித்தான் இருந்தது. நான்கு சிலிண்டர் என்ஜினின் அதிர்வு அப்படியே ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் வரும். 1931-இல் கிரைஸ்லர் நிறுவனம் பிளைமவுத் காரில் ‘ஃப்ளோட்டிங் பவர்’ என்ற பெயரில் என்ஜினை ரப்பர் மேல் மிதக்கவிட்டது. உரிமம் வாங்கிய சிட்ரோயன் 1932-இல் அதைத் தன் கார்களில் கொண்டுவந்தது; அந்தக் கார்களின் முன்னால் ஒரு அன்னப்பறவைச் சின்னம் இருக்கும். நாம் இன்று மாற்றுகிற மவுண்டுகளுக்கு மூதாதை அதுதான்.

கணக்கு இப்படி: நான்கு சிலிண்டர் என்ஜின் 800 ஆர்பிஎம் ஐடிலிங்கில் நொடிக்குச் சுமார் 27 முறை உதறுகிறது. மவுண்டின் மேல் என்ஜின் தானாக ஆடும் வேகம் அதைவிட நன்றாகக் குறைவாக இருந்தால்தான் ரப்பர் அதிர்வை விழுங்கும். அதற்கான எல்லை, 27-ஐ 1.4-ஆல் வகுத்தால் வரும் 19. அதற்கு மேல் போனால் ரப்பர் அதிர்வைத் தடுக்காது, கூட்டிக்கூடக் காட்டும். மவுண்டைக் கடினமாக்க ஆக்க நாம் அந்த எல்லையை நோக்கித்தான் நகர்கிறோம். பாலியூரிதேன் மவுண்ட் போட்ட கார்கள் சிக்னலில் நிற்கும்போது ரியர்வியூ கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

பாலியூரிதேன் கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. ஆயில் பட்டால் இளகாது, நீண்ட நாள் உழைக்கும், என்ஜின் அசைவையும் நன்றாகக் குறைக்கும். ஆனால் ரப்பர் எவ்வளவு கடினம் என்று காட்டும் ஷோர் ஏ அளவில் அது பெரும்பாலும் 80-க்கு மேல். சாதாரண மவுண்ட் ரப்பர் 50, 60 என்ற அளவில் இருக்கும். பந்தயத்துக்கோ ரேலிக்கோ ஓட்டுகிறவருக்கு அது சரி. சாலையில் ஓடுகிற பழைய காருக்கு, அதுவும் தகட்டின் ஓரங்களெல்லாம் ஏற்கெனவே களைத்துப்போன பாடிக்கு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டேஷ்போர்டு திருகுகள் தானாகக் கழல்வதிலிருந்து பிராக்கெட் வெல்டிங் விடுவது வரை அதிர்வு தன் வழியைத் தேடிக்கொள்ளும்.

நான் எடுத்த வழி நடுவழி. இயற்கை ரப்பரே போதும், கொஞ்சம் மட்டும் கடினமாக இருக்கட்டும், ஆனால் ரப்பர் பிரிந்தாலும் என்ஜின் பிடிபட்டு நிற்க வேண்டும். என் காரின் பழைய மவுண்ட் இரண்டு தகடுகளுக்கு நடுவே ரப்பரை ஒட்டிய வகை. மேலே ஒரு ஸ்டட் (தலையில்லாத போல்ட்), கீழே ஒரு ஸ்டட். அதே உயரம், அதே ஸ்டட் அளவில், ஷோர் 60-ஐ ஒட்டிய ரப்பர் மவுண்டை வாங்கினேன். அதன் மேல் 5 மில்லிமீட்டர் தகட்டில் தலைகீழ் ‘ப’ வடிவ வளையம் ஒன்றைச் செய்து, கீழ் பிராக்கெட்டில் போல்ட் போட்டேன். என்ஜின் பக்கத்துப் பிராக்கெட்டின் நாக்கு இந்த வளையத்துக்குள்ளே நிற்கும். மேலே 6 மில்லிமீட்டர் இடைவெளி. சாதாரணமாக ஓட்டும்போது அது எதையும் தொடாது. ரப்பர் அறுந்தால் என்ஜின் 6 மில்லிமீட்டர் எழும்பி வளையத்தில் இடித்து நிற்கும், டக்கென்று சத்தம் வரும், நமக்குத் தெரிந்துவிடும். வளையத்தின் உள்பக்கம் மெல்லிய ரப்பர்த் துண்டு ஒட்டினால் சத்தம் அடங்கும் என்று சொன்னார்கள். சத்தம் எனக்கு வேண்டும், அதனால் ஒட்டவில்லை.

மவுண்டின் சாய்வை மாற்றவில்லை. பல பழைய கார்களில் முன் மவுண்ட் இரண்டும் ‘வி’ வடிவில் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். ரப்பர் அமுக்கத்தில் கடினமாகவும், பக்கவாட்டு நழுவலில் மிருதுவாகவும் இருக்கும். சாய்த்து வைத்தால் எடையை அமுக்கத்தில் தாங்கிக்கொண்டு, உருளும் அசைவை நழுவலில் விட்டுக்கொடுக்கும். மாட்டுவது சுலபம் என்று பிராக்கெட்டைத் தட்டையாக வெட்டி மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்த காரில் ஐடிலிங் நடுக்கம் கூடுவதற்கு ரப்பரைக் குறை சொல்லிப் பயனில்லை.

எக்ஸாஸ்ட் பக்கத்துக்கு ஒரு சூடுதடுப்புத் தகடு அவசியம். 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை மவுண்டுக்கும் எக்ஸாஸ்ட் குழாய்க்கும் நடுவே, இரண்டையும் தொடாமல் நிறுத்தினேன். அந்தப் பக்கத்தில் நைலான் வளையம் வைத்த நட்டு வேண்டாம். 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் நைலான் தன் பிடியை இழந்துவிடும். முழுக்க உலோகத்தாலான லாக் நட்டுதான் அங்கே நிற்கும்.

மாட்டும்போது என்ஜினைத் தூக்க ஜாக்கியைச் சம்புக்கு அடியில் கொடுக்காதீர்கள். ஒரு சொட்டையைச் சரிசெய்யப் போய் இன்னொன்றை உண்டாக்கும் வேலை அது. பலகை வைத்தால் பரவாயில்லை என்பார்கள்; சம்பின் அடி முழுவதும் ஒரே தட்டையாக இருந்து, பலகையும் முழுப்பரப்பில் உட்கார்ந்தால்தான் பரவாயில்லை. மேலிருந்து செயின் போட்டுத் தாங்குவது நிம்மதி. தூக்குமுன் ஃபேன், மேல் ரேடியேட்டர் ஹோஸ், எக்ஸாஸ்டின் முதல் பிடிப்பு, கிளட்ச் இணைப்பு இவற்றைக் கவனியுங்கள். ஒரு பக்கத்தை 40 மில்லிமீட்டர் தூக்கினாலே ஃபேன் இறக்கை ரேடியேட்டரைத் தேடிப் போகும்.

நட்டுகளை முதலில் கையால் மட்டும் முடுக்குங்கள். என்ஜின் எடையை முழுக்க இறக்கி, ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஐடிலிங்கில் விட்டு, அணைத்த பிறகு இறுக்குங்கள். என்ஜின் தனக்கு வாகான இடத்தில் தானாக உட்காரும். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் பிறக்கும்போதே முறுக்கிக்கொண்டு பிறக்கும். அந்த மவுண்ட் சீக்கிரம் கிழியும். 8.8 தர எம்10 போல்ட் என்றால் 45 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை போதும்.

என்ஜின் உயரம் மாறினால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணமும் மாறும். கியர்பாக்ஸ் வெளிவரும் கோணமும் பின் ஆக்சிலின் மூக்குக் கோணமும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரு டிகிரிக்குள் இருந்தால் நல்லது. நான் தொலைந்துபோன உயரத்தை மீட்டதால் கோணம் கம்பெனி அளவுக்குத்தான் திரும்பியது. கார்டுக்கு இடம் வேண்டும் என்று மவுண்டுக்கு அடியில் ஸ்பேசர் வைத்து உயர்த்துகிறவர்கள், கியர்பாக்ஸ் மவுண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் காரின் தரையிலிருந்து ஒரு முனகல் வரும்; ஷாஃப்ட்டின் மூட்டிலுள்ள யூஜே கிராஸை மாற்றி மாற்றிப் பார்த்தாலும் போகாது.

இடையில் ஒன்று: எர்த் பட்டை. என்ஜின் ரப்பர் மேல் நிற்பதால் மின்சாரத்துக்குப் பாடியோடு தொடர்பு அந்தப் பட்டை வழியாக மட்டும்தான். பழைய மவுண்டைக் கழற்றும்போது இற்றுப்போன பட்டையைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் கரண்ட் வேறு வழி தேடி சோக் கேபிளிலும் ஆக்சிலரேட்டர் கேபிளிலும் போய், அவற்றைச் சுட்டுவிடும். புது மவுண்ட் போடும் அன்றே புதுப் பட்டையும் போட்டுவிடுங்கள்.

இனி அசைவை அளப்பது. இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். என்ஜின் பிராக்கெட்டில் ஒரு விறைப்பான கம்பியைக் கட்டி, நுனியில் பென்சில் ஈயத்தை வைத்தேன். எதிரே உள் மட்கார்டில் ஒரு கெட்டி அட்டையை, ஈயம் லேசாகத் தொடும்படி ஒட்டினேன். அப்புறம் வண்டியை எடுத்து முதல் கியரில் முழு இழுவை, கடும் பிரேக், ரிவர்ஸில் மேடு ஏற்றம், வேகத்தடை என்று எல்லாவற்றையும் செய்து திரும்பினேன். அட்டையில் சாய்ந்த கோடு ஒன்றும், அதன் அடியில் சின்னக் கிறுக்கல் கொத்தும் இருந்தன. நீளக் கோடு இழுவையில் உருண்டது, கிறுக்கல் வேகத்தடையில் துள்ளியது. பழைய மவுண்டில் இப்படி எடுத்தபோது கோடு 14 மில்லிமீட்டர். புதியதில் 6. சம்பின் அடி மவுண்டைவிடத் தள்ளி இருப்பதால் அங்கே அசைவு கூடுதலாக இருக்கும். அதற்கு இன்னும் பாதி சேர்த்துக்கொண்டேன். கார்டு வளைவதற்கு ஒரு இடம் விட வேண்டும். கூட்டிப் பார்த்து, சம்புக்கும் கார்டுக்கும் 25 மில்லிமீட்டர் என்று வைத்தேன். பழைய மவுண்டோடு இதே கணக்கைப் போட்டிருந்தால் 40-ஐத் தொட்டிருக்கும். தரை உயரத்தில் அந்த வித்தியாசம் சாதாரணமில்லை.

கார்டுக்கு எந்தத் தகடு என்பதில் ஆளுக்கு ஒரு கட்சி. ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு 7.85 கிலோ. என் கார்டின் பரப்பு சுமார் 0.4 சதுர மீட்டர். 3 மில்லிமீட்டர் இரும்பில் 9.4 கிலோ வரும். 6 மில்லிமீட்டர் அலுமினியத்தில் 6.5 கிலோ. அலுமினியம் என்றால் 5083 ரகம் வளைக்கவும் வெல்டிங் செய்யவும் இணங்கும். 6082 டி6 பலமானது, ஆனால் இறுக்கமாக வளைத்தால் வளைவிலேயே வெடிக்கும். நான் இரும்பையே எடுத்தேன். நசுங்கினால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம், எந்தப் பட்டறையிலும் வெல்டிங் வைக்கலாம். மூன்று கிலோ வித்தியாசம் பந்தயக்காரருக்குப் பெரியது, எனக்கு இல்லை. தட்டைத் தகட்டை அப்படியே போடாமல் இரண்டு ஓரத்தையும் மேல்நோக்கி 30 மில்லிமீட்டர் மடக்கினால் விறைப்பு பல மடங்கு கூடும். 3 மில்லிமீட்டர் தகடு நிற்பது அந்த மடிப்பால்தான்.

1968-இல் நடந்த லண்டன்–சிட்னி மாரத்தான் கார்களின் படங்களைப் பார்த்துவிட்டு, பம்பரிலிருந்து கியர்பாக்ஸ் வரை முழுசாக மூட ஆசைப்படுகிறவர்கள் உண்டு. கண்டம் விட்டுக் கண்டம் போகிறவர்களுக்கு அது வேண்டும். பழைய மினி வைத்திருப்பவர் கதையும் வேறு. அதில் கியர்பாக்ஸே சம்புக்குள் இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே ஆயில், வார்ப்பு அலுமினிய உறை. அது நசுங்காது, உடையும். மற்றவர்களுக்குச் சம்ப் குழியும் அதற்குச் சற்று முன்னும் பின்னும் மூடினால் போதும். ரேடியேட்டர் வழியாக உள்ளே வரும் காற்று என்ஜினுக்கு அடியில்தான் வெளியேறுகிறது. அதை அடைத்தால் தண்ணீர் சூடும் ஆயில் சூடும் ஏறும். சம்பின் அடியில் அடிக்கும் காற்று ஆயிலையும் குளிர்விக்கிறது. கார்டு மாட்டி மெதுவாக மேடேறியபோது ஆயில் டெம்பரேச்சர் முன்பைவிட மேலே நின்றது. தகட்டில் பின்னோக்கித் திறக்கும் கீற்றுகளை வெட்டி, கீறிய உதட்டைக் கீழே மடக்காமல் உள்பக்கமாக, மேல்நோக்கி மடக்கிய பிறகு இறங்கியது. கீழே மடக்கினால் கல்லில் மாட்டும்.

முன் விளிம்பு படகின் மூக்கு போல மேலே ஏறியிருக்க வேண்டும். கார்டின் வேலை கல்லை எதிர்த்து நிற்பது அல்ல, கல்லின் மேல் வண்டியை வழுக்கிக் கடத்திவிடுவது. முன்னால் நேர்ச்செங்குத்தாக ஒரு விளிம்பு இருந்தால் அது கல்லில் முட்டி நிற்கும், பாடியை முறுக்கும். பின் விளிம்பையும் மறக்கக் கூடாது, ரிவர்ஸ் எடுக்கும்போது அதுதான் முன் விளிம்பு.

எதில் மாட்டுவது என்பதில்தான் பல கார்டுகள் கோட்டை விடுகின்றன. கார்டில் விழும் அடி பாடியின் நீளச்சட்டங்களுக்குப் போக வேண்டும். கியர்பாக்ஸ் கிராஸ் மெம்பரின் போல்ட்டையே கார்டுக்கும் பயன்படுத்தினால் வேலை சுலபம்தான். ஆனால் கல்லின் அடி நேராகக் கியர்பாக்ஸ் மவுண்டுக்குப் போகும். கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கிலோ என்ஜின் பிராக்கெட்டிலோ மாட்டினால் இன்னும் மோசம். கல்லிலிருந்து என்ஜினைக் காப்பாற்றப் போட்ட தகடு, கல்லின் அடியை என்ஜினுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும்.

நீளச்சட்டம் உள்ளே வெற்றான பெட்டி. அதில் துளை போட்டு ஒரு நீள போல்ட்டை முடுக்கினால் பெட்டி அப்படியே ஒடுங்கும், ஒடுங்க ஒடுங்க போல்ட் தளரும். துளைக்குள் பெட்டியின் உயரத்துக்குச் சரியாக வெட்டிய குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, அதன் வழியே போல்ட் போக வேண்டும். குழாயின் இரண்டு முனையையும் வெல்டிங் வைத்து, கீழே 4 மில்லிமீட்டர் தகட்டுத் துண்டையும் சேர்த்தால் அடி ஒரு புள்ளியில் விழாமல் பரவும். துளை போடுமுன் சட்டத்தை உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டிப் பாருங்கள். என் காரின் இடது சட்டத்தில் பெயின்டுக்கு அடியில் தகடு செதில் செதிலாக உதிர்ந்தது. அந்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைக்காமல் கார்டு மாட்டியிருந்தால், முதல் கல்லுக்கே சட்டத்தோடு சேர்ந்து வந்திருக்கும்.

போல்ட்டுத் தலைகள் தரையைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தால் தேய்ந்து உருண்டையாகிவிடும், பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது. ஒவ்வொரு தலையைச் சுற்றியும் தடித்த வளையம் ஒன்றை வெல்டிங் வைத்தேன். தேய்வது வளையம், தலை அல்ல. மரையில் கிரீஸ் தடவிவிட்டால் சேறும் தண்ணீரும் பட்ட பிறகும் கழற்ற வரும். ஆயில் டிரெயின் பிளக்குக்கு நேர் கீழே ஒரு துளை வெட்டினேன், ஆனால் அது பிளக்கைவிட நன்றாகப் பெரியதாக, பின்பக்கம் நீண்டதாக இருக்க வேண்டும். சூடான ஆயில் நேராகக் கீழே விழாது, முதலில் வளைந்து பாயும்.

மாட்டுமுன் ஸ்டியரிங்கை முழு இடது, முழு வலது திருப்பி, முன்சக்கரத்தைத் தொங்கவிட்டும் தூக்கியும் ஸ்டியரிங் ராடுகள் கார்டைத் தொடுகின்றனவா என்று பாருங்கள். தொட்டால் கார்டைத்தான் வெட்ட வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை. எக்ஸாஸ்ட் குழாய்க்கும் குறைந்தது 25 மில்லிமீட்டர் விடுங்கள்.

கார்டைச் சோதிக்க அதை ஓட்டிப் போய்க் கல்லில் இடிக்கத் தேவையில்லை. சம்பின் அடியில் இரண்டு மூன்று இடத்தில், குழந்தைகள் விளையாடும் களிமண்ணை எலுமிச்சை அளவுக்கு உருட்டி ஒட்டிவிட்டு, கார்டை மாட்டி, கார்டின் நடுவில் கட்டை வைத்து டிராலி ஜாக்கியால் முன்பக்கத்தை மெதுவாகத் தூக்கினேன். பாடிக்கு அடியில் ஸ்டாண்டுகள் காவலுக்கு நின்றன. யாரும் வண்டிக்கு அடியில் இல்லை. கார்டில் இருந்த எடை ஏறக்குறைய காரின் பாதி. இறக்கிக் கழற்றியபோது களிமண் 16 மில்லிமீட்டருக்கு நசுங்கியிருந்தது. அதாவது 25-இல் 9 மில்லிமீட்டர் கார்டு வளைந்து திரும்பியிருக்கிறது. நிரந்தர வளைவு இல்லை, எல்லா போல்ட்டும் இருந்த இடத்தில் இருந்தன. புதிதாக ஒட்டிய களிமண்ணோடு மறுபடி மாட்டி, வழக்கமான சாலையில் ஓட்டியும் பார்த்தேன். அதில் எங்கும் சம்ப் கார்டைத் தொட்ட தடம் இல்லை.

சத்தம் ஒன்று இருந்தது. ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் தகடு தம்பட்டமாக அதிர்ந்தது. போல்ட் இடங்களில் 5 மில்லிமீட்டர் ரப்பர் வாஷர் வைத்து, போல்ட் அளவுக்கு உள்குழாய் போட்டதும் பெரும்பாலும் நின்றது. தகட்டின் மேல் பஞ்சோ ஃபோமோ ஒட்டும் யோசனையைக் கைவிடுங்கள். சொட்டும் ஆயிலை உறிஞ்சி வைத்துக்கொண்டு எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஆயில் ஒழுக்கு இருந்தால் கார்டு மாட்டுவதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள், மாட்டிய பிறகு அது தரையில் தெரியாது. சம்ப் கேஸ்கெட் ஒழுகுகிறது என்று போல்ட்டுகளைக் கண்டபடி முடுக்கினால் தகட்டு விளிம்பு துளைகளில் மட்டும் குழிந்து, நடுவில் வாயைத் திறக்கும். விளிம்பைத் தட்டைக் கட்டையில் வைத்துத் தட்டி நேராக்கிவிட்டுத்தான் புது கேஸ்கெட். இப்போது ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் கார்டை முழுசாகக் கழற்றுகிறேன். துளை வழியாகவே ஆயிலை இறக்க முடியும் என்றாலும் கழற்றுகிறேன். மேலே சேர்ந்த காய்ந்த இலை, சருகு, சேற்றைத் துடைத்து, நீளச்சட்டத்தின் வெல்டிங் ஓரங்களை டார்ச் அடித்துப் பார்த்து, மவுண்ட் வளையத்தின் 6 மில்லிமீட்டர் இடைவெளியில் அதே தடிமன் உள்ள ஒரு தகட்டுத் துண்டை நுழைத்துப் பார்க்கிறேன். தாராளமாக நுழைந்து ஆடினால் ரப்பர் அமுங்க ஆரம்பித்துவிட்டது என்று கணக்கு. போன முறை எக்ஸாஸ்ட் பக்கத்தில் கொஞ்சம் ஆடியது, அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒரு மவுண்டை வாங்கி வைத்திருக்கிறேன்.